விஜியின் மேல் விழாத வெயில்

போன ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து பெங்களூர் அடுகோடி விஜியின் மேல் வெயில் விழவில்லை. எங்கே போனாலும் குடையளவு நிழல் கூடவே போயிற்று. ஏப்ரலில் பஸ் ஸ்டாப்பில் கைக்குழந்தைக்காரிகள் அவளை ஒட்டி நின்றார்கள். பூக்காரி கூடையை அவள் காலடிக்கு நகர்த்திக்கொண்டாள். விஜிதான் சும்மா இருக்கவில்லை. கீரைக்கட்டையே பிரித்துப் பார்த்து வாங்குகிறவள் அவள். மாடியில் ஷீட் போட்ட எதிர்வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டாள், பக்கத்து வீட்டுக்காரியின் கண்ணைச் சந்தேகப்பட்டாள், கடைசியில் கணவன் பிரகாஷையே சந்தேகப்பட்டாள். அவர் என்ன செய்திருக்க முடியும் என்பதுதான் பிடிபடவில்லை.

அவளுக்கு உத்தியோகமும் சந்தேகப்படுவதுதான். கரண்ட் இல்லாத மலையூர் சுகாதார நிலையங்களுக்குச் சூரிய ஒளியில் ஓடும் ஆக்சிஜன் மிஷின் அனுப்பும் பட்டறையில் அவள்தான் டெஸ்டிங். அவள் கையெழுத்தில்லாமல் ஒரு சோலார் பேனலும் வண்டி ஏறாது. அனுப்பிய நாற்பதில் முப்பத்தொன்பதிலிருந்து புகார் வந்தது: குரங்கு வயரைப் பிடுங்கியது, மழையில் சார்ஜ் ஏறவில்லை. கொள்ளேகாலுக்கு அப்பாலிருந்த ஒரு மலையூரிலிருந்து மட்டும் ஒரு போன்கூட இல்லை. ஜூலை முழுக்க மழை கொட்டியும் மிஷின் ஒரு நாள் நிற்கவில்லை என்றது அங்கத்திய பதிவேடு. சுத்தப் பொய் என்று முடிவுகட்டினாள் விஜி. மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம் என்று சொல்லி ஜீப் ஏறினாள்.

அங்கே லட்சுமம்மா என்பவளுக்கு இரண்டு நாள் முன்பு பிறந்த பெண் குழந்தை, மூக்கில் குழாயோடு கிடந்தது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. விஜி கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்துவிட்டு, கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று நர்ஸ் பெர்னதெத்தைக் குடைந்தாள்.

"நான் கேக்கல மேடம். கேட்டா நின்னுடுமோன்னு பயம்."

விஜி கூரையேறிப் பேனலின் பின்பெட்டியைத் திறந்தாள். சிவப்பு வயர் சேர்க்கப்படவே இல்லை. பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் தேதியைப் பார்த்தாள். ஆயுத பூஜையன்று பேனலைச் சோதிக்கும் மீட்டருக்குக் குங்குமம் வைத்துப் படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்தார்கள். பூஜையில் வைத்ததை எடுக்கக் கூடாது, வாசலில் லாரியோ ஹாரன் அடித்தது. சோதிக்காமலே 'சரி' என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிய பேனல் இது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள் தன் கையெழுத்தைச் சந்தேகப்படவில்லை.

வயரைச் சேர்த்துப் பற்றவைத்தாள். உடனே நிழல் விலகியது. ஒரு வருடத்துக்குப் பிறகு கழுத்தில் வெயில் சுட்டதும், வெட்கத்தை விட்டு அழுதாள். பத்து நிமிடத்தில் மேகம் வந்தது. கீழே மிஷின் அலறி நின்றது. ஒரு நாளும் சார்ஜ் ஏறாத பேட்டரி எப்போதோ செத்திருந்தது. பெர்னதெத் குழந்தையைக் கையில் ஏந்தி வெளியே வந்தாள். அதன் உதடு நீலம் பாரித்திருந்தது.

"என்ன பண்ணீங்களோ மேடம், அத எடுத்துடுங்க."

விஜி கட்டிங் பிளேயரால் வயரை வெட்டினாள். மிஷின் முனகிக்கொண்டு கிளம்பியது. இத்தனை நாளும் அதை ஓட்டிய, விஜிக்குரிய வெயில் மேகத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை போலும். குழாயைத் திரும்ப வைத்ததும் குழந்தை வீரிட்டது. அவள் கீழே இறங்கி வந்தபோது மேகம் கலைந்து ஊரெல்லாம் வெயிலடித்தது, அவள் மேல் தவிர. ரிப்போர்ட்டில், பழுது ஒன்றுமில்லை, யாரும் கை வைக்க வேண்டாம் என்று எழுதினாள்.

பெங்களூர் திரும்பியதும், வெயில் படாத உடம்புக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த வைட்டமின் மாத்திரையை வாங்கப் போனாள். எத்தனை மாதத்துக்கு என்று கடைக்காரர் கேட்டார். நிறுத்துகிற யோசனை இல்லை என்றாள்.