பத்தாம் நம்பர் படகில் அழுத பையன்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நிகிலின் மாடியில் கூடிச் சினிமா எடுப்பது அவர்களுக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. எடுப்பது என்றால் கேமரா கிடையாது, ஒன்றும் கிடையாது. பழைய படம் ஒன்றைச் சொல்வார்கள். அதை இப்போது மறுபடி எடுத்தால் யார் யாரைப் போடலாம் என்று ஆளுக்கொரு அணி சேர்ப்பார்கள். முறை வைத்துத்தான் ஆள் பிடிக்க வேண்டும். ஒருவர் பிடித்த ஆளை மற்றவர் தொடக்கூடாது. கடைசியில் எந்த அணி தேவலை என்று ஓட்டு.

ஆரம்பத்தில் நட்சத்திரங்களைத்தான் பிடித்தார்கள். ஒரு கதாநாயகனுக்காக நிகிலும் சங்கர்ராமும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த பிறகு, சங்கர்ராமின் மனைவி விஷ்ணுப்ரியா சட்டத்தை மாற்றினாள். நடிகர்களே வேண்டாம், எல்லாருக்கும் தெரிந்த ஊர்க்காரர்கள் போதும் என்றாள். அதன் பிறகு ஆட்டம் சூடு பிடித்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் பாதிப்பேர் தங்களுக்கே தெரியாமல் இரண்டு மூன்று படங்களில் நடித்திருந்தார்கள்.

நிகில் சங்கர்ராமின் கல்லூரித் தோழன், மலையாளி. கீழே அவனுடைய சுக்கு கோடவுன், மேலே வீடு. நான்காவது ஆள் ஸாதனா, விஷ்ணுப்ரியாவோடு பள்ளியில் வேலை பார்ப்பவள். இடப்பள்ளியிலிருந்து இங்கே குடிவந்து அதிக நாள் ஆகவில்லை. அன்றைக்குப் படம் சொல்லும் முறை அவளுடையது.

"பத்தாம் நம்பர் படகு," என்றாள் ஸாதனா. "எங்காத்துல எல்லாரும் அழுதுண்டே பார்த்த படம்."

விஷ்ணுப்ரியா சட்டென்று கணவனைப் பார்த்தாள். சங்கர்ராம் வேறு பக்கம் திரும்பி, "எடுத்துக்கலாமே," என்றான்.

அந்த நிமிடத்திலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கால் தானாக ஆடியது. மின்விசிறியைக் கூட்டினான், பிறகு குறைத்தான். எழுந்து போய்க் கைப்பிடிச் சுவரருகே நின்று காயலைப் பார்த்தான். வாட்டர் மெட்ரோ படகு ஒன்று நிறைய ஜனங்களோடு திரும்பிக்கொண்டிருந்தது. பார்க்கப் பிடிக்காமல் வந்து உட்கார்ந்தான்.

கதை சின்னக் கதைதான். ஒரு தாய் தன் ஆறு வயதுப் பையனைப் படகுத்துறையில் ஒரு படகோட்டியிடம் விட்டுவிட்டுப் பத்தாம் நம்பர் படகில் ஏறிப் போய்விடுகிறாள். துறையில் நின்று அந்தப் பையன் அழுகிற அழுகைதான் படமே. டைட்டிலில் அவன் பெயர் மாஸ்டர் ராஜா என்று வரும். படப்பிடிப்பு கும்பளங்கியில் நடந்தது. தமிழ் பேசுகிற பையன் வேண்டுமென்று கொச்சியில் தேடியபோது அகப்பட்டவன் சங்கர்ராம். விஷ்ணுப்ரியாவுக்கு மட்டும் இது தெரியும். யாரிடமும் சொல்ல வேண்டாமென்று கல்யாணமான புதிதிலேயே கேட்டுக்கொண்டிருந்தான்.

"படகோட்டி எனக்கு ஒச்சப்பன்," என்று நிகில் முதல் ஆளைப் பிடித்தான். மார்க்கெட்டில் காய்கறி விற்கும் தேனிக்காரர். அவர் தக்காளி விலை சொன்னால் அடுத்த தெருவில் கேட்கும். ஸாதனா தலையிலடித்துக்கொண்டாள். அவளும் அவரைத்தான் குறி வைத்திருந்தாளாம். சங்கர்ராம் தன் முறை வந்தபோது வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொன்னான். எந்த வேஷத்துக்கு என்று கேட்டால் அவனுக்கே தெரியவில்லை.

"எடா, நிந்தெ மனசு இவிடெ இல்லல்லோ," என்றான் நிகில்.

"மனசு இங்கேதான் இருக்கு, சூடுதான் தாங்கல்லை. நீ ஆடு."

விஷ்ணுப்ரியா சாயா போட உள்ளே போனாள். ஸாதனா சப்பணமிட்டு உட்கார்ந்து கதை சொல்கிற குரலுக்கு வந்தாள்.

"அந்தப் பையனை எப்படி அழ வெச்சாளாம் தெரியுமோ? டைரக்டர் இப்போ ஒரு யூட்யூப் பேட்டியில சொல்றார். அவருக்கு ரொம்ப வயசாயிடுத்து. பையன் அழவே மாட்டேங்கறானாம். கிளிசரின் போட்டாச்சு, மிரட்டியாச்சு, ஒண்ணும் நடக்கல்லை. கடைசியில, உன் அம்மா நிஜமாவே போட்ல ஏறிப் போயிட்டா, இனிமே வரமாட்டான்னு சொல்லிட்டாளாம். அவ்வளவுதான். சொல்லிட்டு அந்த மனுஷர் என்ன சிரிப்பு சிரிக்கறார்!"

நிகிலும் சிரித்தான். சங்கர்ராம் சிரிக்கிற மாதிரி உதட்டை இழுத்துக்கொண்டான். இது அவனுக்குப் புதிதில்லை. துறையின் மரப்பலகை, உள்ளங்காலில் சுட்ட வெயில், எல்லாப் பக்கமும் அந்நிய முகங்கள் என்று ஒன்றும் மறக்கவில்லை. நினைவில் அதற்கு ஒரு முடிவும் இருந்தது. அம்மா எங்கிருந்தோ ஓடி வந்து அவனைத் தூக்கிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் டைரக்டரைப் பிடிபிடியென்று பிடித்தாள். அந்தத் திட்டுக்காகத்தான் அவனால் மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்ள முடிந்தது.

"ஆனா கேளுங்கோ, ஐடியாவே அவரோடது இல்லையாம்," என்றாள் ஸாதனா. "பையனோட அம்மாதான் சொன்னாளாம். இவன் எதுக்கும் அழ மாட்டான் சார், நான் போயிட்டேன்னு சொன்னாத்தான் அழுவான்னு சொல்லிட்டு, அவளே போய் லாரிக்குப் பின்னாடி ஒளிஞ்சுண்டாளாம்!"

சங்கர்ராம் ஆட்டிக்கொண்டிருந்த காலை நிறுத்தினான்.

"கொள்ளாம், நல்ல ஐடியா," என்று நிகில் தொடையைத் தட்டினான். "அப்போ நான் பையன் வேஷத்தைப் பெண்ணாக்கறேன். என் ஆள் நம்ம அம்மு!"

அம்மு சங்கர்ராமின் ஏழு வயது மகள். மாடிப்படியில் நிகிலின் பூனையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள், பெயரைக் கேட்டதும் ஓடி வந்தாள். நிகில் அவளை எதிரில் நிறுத்தி, முகத்தைப் பெரிய டைரக்டர்போல வைத்துக்கொண்டான்.

"அம்முக்குட்டி, கரையாமோ? அழு பார்ப்போம். உன் அம்மா எங்கே? காணலியே? அம்மா அந்த போட்டில கேறிப் போயாச்சு..."

அம்மு சிரித்தபடிதான் திரும்பிப் பார்த்தாள். விஷ்ணுப்ரியாவின் நாற்காலி காலியாக இருந்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

"மதி! போறும்!"

சங்கர்ராம் எழுந்த வேகத்தில் அவனுடைய நாற்காலி மல்லாந்தது. அவன் மகளை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டான். "அம்மா உள்ளே சாயா போடறா. போய்ப் பாரு, போ." அவள் ஓடினாள்.

"எடா, ஞான் சும்மா தமாஷுக்கு..."

"அந்தப் பையன் நான்தான்," என்றான் சங்கர்ராம்.

ஸாதனா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ! எனக்குத் தெரியாது சங்கர். தெரிஞ்சிருந்தா..."

"சாரமில்லை, பரவாயில்லை. நீ என்ன பண்ணுவாய்? அம்மா சொன்னதுன்னு எனக்கே இன்னிக்குத்தானே தெரியறது."

டம்ளர்களோடு வந்த விஷ்ணுப்ரியா மூன்று முகங்களையும் பார்த்து, டம்ளர்களைக் கீழே வைத்தாள். சாயா குடிக்காமலே சங்கர்ராமும் அவளும் அம்முவும் கிளம்பினார்கள்.

வழியெல்லாம் அவன் முன்னால் நடந்தான். அம்மு மட்டும், "நான் படத்துல இருக்கேனா இல்லையா?" என்று நச்சரித்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் அவன் அம்மா திரிபுரசுந்தரி கூடத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, கும்பளங்கியில என்னை அழ வெக்கச் சொன்னது நீயா?"

கத்தி நின்றது. எதைக் கேட்கிறான் என்று புரிந்துகொள்ள அவளுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

"யார் சொன்னா?"

"டைரக்டரே சொல்லியிருக்கார்."

"சொல்லுவார். அவருக்கென்ன!" அவள் மறுபடி நறுக்கத் தொடங்கினாள். "கார்த்தாலேர்ந்து வெயில்ல நிக்கறாய். நீ அழல்லை. வேற பையனைக் கொண்டு வரச் சொல்லிட்டார் அந்த மனுஷர். அதைக் கேட்டுட்டு நீ என் புடவையைப் பிடிச்சுண்டு, என்னை அனுப்ப வேண்டாம்னு சொல்லும்மான்னாய். ஞாபகம் இருக்கோ?"

அவனுக்கு ஞாபகம் இல்லை.

"உன் ஆசைக்குத்தான் சொன்னேன். ஒரு நிமிஷத்துக் காரியம்னு நினைச்சேன். அழுகை நன்னாத்தானே வந்தது?"

"ஓடி வந்து அவரைத் திட்டினியே, அது?"

"அது நடிப்பில்லைடா." அவள் குரல் இறங்கியது. "ஒரு தரம் எடுத்தாப் போறும்னுதான் பேச்சு. அவர் நிறுத்தல்லை. நீ தண்ணியில குதிக்கப் போனாய், ஒருத்தன் பிடிச்சுண்டான். அதையும் எடுத்துண்டே இருந்தார்."

சங்கர்ராம் கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தான். கோபம் வந்தது, அதை வைக்க இடம் தெரியவில்லை. அவள் மன்னிப்புக் கேட்டிருந்தால்கூட ஒரேயடியாகக் கத்தித் தீர்த்திருக்கலாம். அவளோ பீன்ஸ் நாரை உரித்துக்கொண்டிருந்தாள்.

இருவருக்கும் நடுவில் வந்து நின்ற அம்முவுக்கு அதில் ஒன்றுதான் புரிந்தது.

"எனக்கும் அழத் தெரியும்," என்றாள். கண்ணை இறுக்கி மூடி, கையை நீட்டி, "அம்மா, போகாதே! அம்மா!" என்று ஓங்கிக் குரலெடுத்தாள். நடுவில் ஒரு கண்ணைத் திறந்து யார் பார்க்கிறார்கள் என்றும் பார்த்துக்கொண்டாள். சுத்தமான பொய் அழுகை.

"நிறுத்துடி!" என்றாள் திரிபுரசுந்தரி. அம்மு நிறுத்தவில்லை. திரிபுரசுந்தரி எழுந்தாள். மடியிலிருந்த பீன்ஸ் தரையெல்லாம் சிதறியது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

சங்கர்ராம் மகளின் தலையில் கை வைத்தான். "போறும். நன்னா அழுதாய்."

குனிந்து பீன்ஸைப் பொறுக்கினான். சோபாவுக்கு அடியில் போனதையும் விடவில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது அம்மா அடுப்பைப் பார்த்து நின்றிருந்தாள். காபிக்குப் பால் வைத்திருந்தாள், ஆனால் அடுப்பை மூட்டியிருக்கவில்லை. அவன் மூட்டினான்.

"விளையாட்டுல அந்த அம்மா வேஷம் யாருக்கு?" என்று அவள் திரும்பாமல் கேட்டாள். ஆட்டம் அவளுக்கும் தெரியும்.

"இன்னும் யாரையும் பிடிக்கல்லை."

"விஷ்ணுப்ரியாவைப் போடு. அவளுக்குப் பொய் சொல்ல வராது."

பால் பொங்கியதும் அவன் அடுப்பை அணைத்தான். அந்த வாரம் முழுக்க இருவரும் அவ்வளவாகப் பேசவில்லை. அவன் சாப்பிட உட்கார்ந்தால் அவள் பரிமாறினாள், அவன் போதும் என்றான். தூக்கம் மட்டும் அவனுக்குச் சரியாக வரவில்லை. தண்ணீரில் குதிக்கப் போன ஞாபகத்தைத் தேடிப் பார்த்தான். அது கிடைக்கவே இல்லை.

பத்தாம் நம்பர் படகை அவர்கள் முடிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிகில், முகத்தில் பாதிச் சங்கடமும் பாதிச் சிரிப்புமாக, ஒரு கொள்ளைக்கூட்டப் படத்தைக் கொண்டுவந்தான். சீட்டுக் குலுக்கியதில் முதல் முறை சங்கர்ராமுக்கு விழுந்தது.

"கூட்டத் தலைவி, என் அம்மா," என்றான்.

நிகிலுக்கு அழுகையே வந்துவிட்டது. அவனும் அந்த வேஷத்துக்கு அவளைத்தான் நினைத்து வைத்திருந்தானாம். ஓட்டில் சங்கர்ராமின் அணி தோற்றது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் நம்பாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "துப்பாக்கி உண்டோ?" என்று கேட்டாள்.

"உண்டு," என்றான். "ரெண்டு."