போணி மெயில்

ஆரணியில் ஜெயவேலின் பட்டுப்புடவைக் கடையில் காலை வேளையில் 'இல்லை' என்ற சொல்லுக்கு இடமில்லை. முதல் வியாபாரமான போணி முடிகிறவரை யார் வந்து எதைக் கேட்டாலும் மறுக்கக் கூடாது. ஒருமுறை யாரோ கைத்தறித் துண்டு கேட்டு வந்தார். பட்டுக் கடையில் துண்டு ஏது? தன் தோளில் கிடந்ததை மடித்துக் கொடுத்துவிட்டார் ஜெயவேல்.

கடைக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில் ஒரு காலை சிங்கப்பூரிலிருந்து பெரிய கல்யாண ஆர்டர் ஒன்று மெயிலில் வந்தது. அன்றோடு போணி விதி மெயிலுக்கும் வந்துவிட்டது. காலையின் முதல் மெயிலுக்குப் பதில் போட்ட பிறகுதான் டீ.

பதில் போடுகிறவள் தேவிப்ரியா, ஜெயவேலின் தம்பி கமலக்கண்ணனின் மனைவி. வேலூரில் கம்ப்யூட்டர் படித்தவள். முள்ளிப்பட்டு நெசவாளர்கள் கொண்டுவரும் புடவைகளைப் படம் பிடித்து வெளியூர் வியாபாரிகளுக்கு அனுப்பலாம் என்றது அவள் யோசனைதான். அந்த மெயில் கணக்கால்தான் சமையலறைக்கு வெளியே அவளுக்கு ஒரு நாற்காலி கிடைத்திருந்தது. ஜெயவேலுக்கு அது கண்ணில் விழுந்த தூசு.

"சேத்துப்பட்டுல பொண்ணு எடுத்தா இப்படித்தான். கல்லா பக்கத்துல வந்து குந்திக்கும்" என்பார், அவள் காதில் விழும்படி.

2009 ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. கற்பூரப் புகை அடங்குவதற்குள் முதல் மெயிலைத் திறந்தாள் தேவிப்ரியா. மெயில் கணக்கு தரும் கம்பெனியின் பெயரில் அது வந்திருந்தது. 'அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் கணக்கு இன்று மாலையோடு மூடப்படும். தொடர விரும்பினால் கீழே அழுத்தி, பாஸ்வேர்டைக் கொடுத்து உறுதி செய்யுங்கள்' என்று ஆங்கிலத்தில்.

"இன்னாமா வந்திருக்குது?" என்றார் ஜெயவேல்.

"திருட்டு மெயில், மாமா. அழிச்சிடறேன்."

"போணி நேரத்துல வாயில இன்னா வார்த்தை வருது பாரு."

"அனுப்புன விலாசத்தைப் பாருங்க. வேற எவனோட விலாசமோ. நம்ம பேரும் அவனுக்குத் தெரியல. வாடிக்கையாளரேன்னு ஊருக்கெல்லாம் பொதுவா எழுதிகினு இருக்கான். எந்தக் கம்பெனியும் மெயில் போட்டு பாஸ்வேர்டு கேக்காது."

"மூடிட்டான்னா?"

"மூட மாட்டாங்க. நம்மள யோசிக்க விடாம ஜல்தியா அடிக்க வைக்கத்தான் சாயங்காலம்னு போட்டிருக்கான். உங்களுக்கு சந்தேகம்னா இந்த லிங்க்கைத் தொடாம, தினமும் போற வழியில உள்ள போய்ப் பாத்துக்கலாம்."

"ஆவணி முகூர்த்தம் தலைமேல நிக்குது. கணக்கு மூடிச்சுன்னா சிங்கப்பூருக்கு நீ நடந்து போய் புடவை காட்டுவியா?"

அழிப்பதற்காக அவள் மவுஸை நகர்த்தியபோது, திரையின் குறுக்கே உள்ளங்கையை வைத்தார். "வெள்ளிக்கிழமை போணியை அழிக்காத."

கடையை ஒட்டிய வீட்டிலிருந்து மாமியார் ராஜம்மாள் பூஜைக்குக் கூப்பிட்டாள். தேவிப்ரியா எழுந்தாள். கமலக்கண்ணன் அந்தப் பக்கம் புடவை மடித்துக்கொண்டிருந்தான்.

"அதைத் தொடாதீங்க மாமா" என்றாள்.

அப்படிச் சொல்லாமல் போயிருந்தால், ஒருவேளை அவர் தொடாமலே இருந்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. சென்னையில் மொத்த வியாபாரம் செய்யும் தனக்கோடி. பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கிற குரல்.

"இன்னா ஜெயவேலு, லண்டன்ல குளிரா?"

"லண்டனா? ஆரணியில சோறு துன்னுகினு இருக்கேன்."

"பையைத் தொலைச்சிட்டேன், ஓட்டல்ல புடிச்சி வச்சிருக்கான், உடனே பணம் அனுப்புன்னு மெயில் போட்டிருக்கியே. எனக்கு மட்டும் இல்லப்பா, உன்கிட்ட புடவை வாங்கற அத்தினி பேருக்கும் போயிருக்குது. கடையில சிரிக்கறானுங்க."

தேவிப்ரியா கை கழுவாமலே கடைக்கு ஓடினாள். அவளுடைய பாஸ்வேர்டு உள்ளே விடவில்லை. திரும்பி வந்தபோது தீர்ப்பு தயாராக இருந்தது.

"இவதான் மாத்தி வச்சிருக்கா" என்றார் ஜெயவேல் தன் தாயிடம். "எல்லாத்தையும் கையில வச்சிக்கணும்னு புத்தி. இப்ப எவன்கிட்டயோ விட்டுட்டு நிக்கறா."

"எங்க பேரை லண்டன் வரைக்கும் நாற வச்சிட்டியேடி" என்றாள் ராஜம்மாள்.

"அந்த வெள்ளிக்கிழமை மெயில்ல நான் பாஸ்வேர்டு கொடுக்கல, அத்தை. மாமாவுக்கு பாஸ்வேர்டும் தெரியாது, இங்கிலீஷ்ல அடிக்கவும் வராது." அவள் கணவனைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க."

கமலக்கண்ணன் ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தான்.

"அவன் இன்னாத்த சொல்லுவான்" என்றார் ஜெயவேல். "நாளையிலேர்ந்து நீ கடைப் பக்கம் வராத. வீட்டு வேலையைப் பாரு."

அறைக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகு கமலக்கண்ணன் வாயைத் திறந்தான். "அண்ணன் போணின்னு சொன்னாரு. பேஜார் பண்ணிகினே இருந்தாரு. நீ எனக்குச் சொல்லி வச்ச பாஸ்வேர்டை நான்தான் அடிச்சேன்."

"தெரியும்."

"சின்ன வயசுலேர்ந்து அவரை எதுத்துப் பேசினதில்ல, ப்ரியா."

"எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க? என்மேல பழி போட்ட இடத்துல சொல்லியிருக்கணும்."

அவன் கையை நீட்டினான். அவள் போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கல்யாணமான நாளாக அவனுக்கு முதுகு காட்டி அவள் படுத்ததில்லை.

மறுநாள் காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, பஸ் நிலையம் பக்கத்திலிருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனாள். கணக்கைத் தொடங்கியபோதே, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மாற்று முகவரியாகத் தன் கல்லூரி நாள் மெயிலைக் கொடுத்திருந்தாள். திருடன் அதை மாற்ற மறந்திருந்தான். அந்த மெயிலுக்குப் புதுப் பாஸ்வேர்டு வைக்க வழி வந்தது. யாரும் ஊகிக்க முடியாத ஒன்றைப் போட்டு உள்ளே போனாள். வியாபாரிகளுடைய முகவரிகளை அவன் துடைத்துவிட்டிருந்தான். லண்டன் கடிதத்துக்கு வந்திருந்த பதில்களிலிருந்து சிலரைத் தேடி எடுத்து, 'அது நாங்கள் எழுதியதில்லை, பணம் அனுப்பாதீர்கள்' என்று எழுதினாள். சிங்கப்பூர்க்காரர் மட்டும், 'உங்களை எப்படி நம்புவது? கல்யாணப் புடவைகளை வேறு இடத்தில் சொல்லிவிட்டேன்' என்று பதில் போட்டார்.

அடுத்த நாள் காலை கற்பூரம் எரியும்போதே அவள் கடைக்குள் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பின்வாசலில் பூத்தட்டோடு ராஜம்மாள் நின்றாள்.

"யாரு உன்னை வரச் சொன்னது?" என்றார் ஜெயவேல்.

"கணக்கு திரும்பக் கிடைச்சிடுச்சு, மாமா. தனக்கோடியண்ணன்கிட்ட பேசிட்டேன். இன்னிக்குப் புதுப் படம் அனுப்பச் சொல்றாரு."

ஜெயவேலின் முகம் ஒரு கணம் தளர்ந்து மறுபடி இறுகியது. "சரி, பாஸ்வேர்டைச் சொல்லிட்டு எந்திரி. தம்பி பாத்துக்குவான்."

அவள் கைகள் விசைப்பலகையின் மேலேயே இருந்தன.

"போணி ஆகல இன்னும்" என்றார் அவர். குரல் தாழ்ந்திருந்தது. "உன் வாயில இல்லேன்னு வரக் கூடாது."

"இல்லீங்க மாமா. சொல்றதுக்கு இல்ல."

ராஜம்மாள் பூத்தட்டோடு உள்ளே வந்தாள். அந்தக் கடையில் அந்த நேரத்தில் யாரும் கேட்டிராத சொல். ஜெயவேல் தம்பி பக்கம் திரும்பினார். "பாத்தியா உன் பொண்டாட்டியை? இன்னா பாத்துகினு நிக்கற?"

கமலக்கண்ணன் புடவை மடிப்பைக் கீழே வைத்தான்.

"வெள்ளிக்கிழமை அந்த மெயில்ல பாஸ்வேர்டை அடிச்சது நான்தாம்மா" என்றான், அண்ணனைப் பார்க்காமல். "அண்ணன் அடிக்கச் சொன்னாரு. இவ வேணாம்னு சொல்லிட்டுத்தான் பூஜைக்கு வந்தா."

ராஜம்மாள் மூத்த மகனைப் பார்த்தாள். ஜெயவேல் செருப்பை மாட்டிக்கொண்டு, டீ குடிக்கப் போவதுபோல் தெருவில் இறங்கினார். போணிக்கு முன் அவர் டீக்குப் போனதும் அன்றுதான்.

கமலக்கண்ணன் மெதுவாக அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான்.

"எனக்காவது சொல்லுவியா?"

"மாட்டேன்."

அவன் தலையசைத்தான். அவள் பாஸ்வேர்டை அடிக்கத் தொடங்கியதும், முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டான்.