அடைப்புக்குறி

அறை வாசலில் தொங்கும் பலகையில் மேல்வரி 'தாவரவியல் துறை'. கீழ்வரி 'துறைத்தலைவர் (பொறுப்பு)'. அந்த அடைப்புக்குறி அவளுக்கு வந்து பதினோரு வருஷமாகிறது. முந்தைய தலைவர் ஓய்வு பெற்றபோது, கமிட்டி கூடும் வரைக்கும் மூன்றே மாதம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கமிட்டி பல தடவை கூடியது, டீ குடித்தது, கலைந்தது. பாட அட்டவணை போடுவது அவள். ஆய்வகத்துக்குச் சாமான் வரவழைப்பது அவள். தேர்வு முடிவு மோசமானால் முதல்வர் அறையில் நின்று வாங்கிக் கட்டிக்கொள்வதும் அவள்தான். தலைவருக்கு உண்டான வேலையில் ஒரு குண்டூசிகூடக் குறையவில்லை, பேருக்குப் பின்னால் மட்டும் அந்த இரண்டு வளைந்த கோடு. மாணவிகள் 'பொறுப்பு மேடம்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொள்வார்கள்.

வீட்டில் நாத்தனார் சும்மா விடுவாளா. தையல் மெஷினை விட்டுத் தலை தூக்காமலே சொல்வாள்.

"பொண்ணு பாத்துட்டுப் போனாங்க, பிடிச்சிருக்குன்னாங்க, பதினோரு வருஷமா மாப்பிள்ளை வீட்லேர்ந்து பதிலையே காணோம். ஆனா அவங்க வீட்டுச் சமையல் மட்டும் எங்க அண்ணிதான் செய்யறாங்க."

எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டு உள்ளே போய், காரணமில்லாமல் பாத்திரத்தை நகர்த்தி வைப்பாள்.

பெண்கள் விழா என்றால் பெண்ணிடம் கொடு என்பது அந்தக் கல்லூரியின் எழுதாத சட்டம். ஆண்கள் விழா என்று தனியாக ஒன்று கிடையாது, மற்ற எல்லா விழாவும் அதுதான். எனவே வருஷா வருஷம் விழாப் பொறுப்பும் அவள் தலையில் வந்து விழும். இந்த வருஷம் முதல்வர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அதுவே புதுசு.

"இந்தத் தடவை பெரிசா பண்ணலாம் மேடம். நம்ம கல்லூரிப் பெண்கள், ஒரு வரலாறுன்னு கண்காட்சி. பழைய படமெல்லாம் தேடி எடுங்க. உங்க படமும் கண்டிப்பா இருக்கணும். ஒரு துறையையே தாங்கின முதல் பொம்பளை இல்லையா நீங்க."

"சரி சார்."

"என் பேச்சையும் நீங்களே எழுதிடுங்க. அப்புறம், மேடையில உங்க துறையைப் பத்தி ஒரு அறிவிப்பு இருக்கு. என்னன்னு இப்ப சொல்லமாட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை அவள் வீடு வரைக்கும் பத்திரமாகக் கொண்டுவந்தாள். கணவர் கேட்டுவிட்டு, "எழுத்துல குடுத்தாரா?" என்றார்.

"சிரிச்சார்."

"அதை எந்த ஃபைல்ல வைப்ப?"

நாத்தனார் மட்டும் அன்றைக்குக் கேலி பேசவில்லை. மெஷினை நிறுத்தினாள். "அண்ணி, அன்னைக்கு அந்த நீலப் புடவையைக் கட்டுங்க. பிளவுஸ் நான் தச்சுத் தரேன்" என்றாள். அப்போதுதான் அவளுக்கே நம்பிக்கை வந்தது.

படங்கள் நூலகத்தின் பின்னறையில் கிடந்தன. தூசி தட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இங்கே பாடம் நடத்திய முதல் பெண் இருந்தது மிகப் பழைய படம் ஒன்றில். ஆண்கள் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அந்தப் பெண் ஓரத்தில், கடைசி நாற்காலியின் முதுகில் கை வைத்து நின்றாள். கைப்பக்கம் சுண்ணாம்புக் கட்டித் தூள் அப்பியிருந்தது, வகுப்பிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். கீழே இடமிருந்து வலமாகப் பேர்கள், பட்டங்கள். அன்றைய செயலாளரின் காலடியில் படுத்திருந்த நாய்க்குக்கூடப் பேர் போட்டிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு மட்டும் 'மற்றும் ஒரு பெண்மணி'.

ஓய்வு பெற்றவர்கள் வீடு வீடாகப் போய் விசாரித்தாள். ஒருவருக்கும் பேர் தெரியவில்லை. நாயை மட்டும் இரண்டு பேருக்கு ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு வந்த பெண்களுக்குப் பேர் இருந்தது, பேருக்குப் பின்னால் வாலும் இருந்தது. (தற்காலிகம்), (பகுதி நேரம்), (விடுப்பு இடத்தில்). இந்தக் கல்லூரியில் பெண்கள் வரலாறு முழுக்க அடைப்புக்குறிக்குள்தான் நடந்திருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. தன்னோடு அது முடியப்போகிறது என்றும் பட்டது, ஆசை யாரை விட்டது.

கண்காட்சியில் பேர் தெரியாதவளின் படம் வரும் பலகைக்கு 'பெயர் தெரியவில்லை' என்று எழுதிக் காட்டினாள். முதல்வர் முகம் சுளித்தார்.

"தெரியலைன்னு நாமளே போட்டுக்கறது அசிங்கம் மேடம். பொதுவா ஏதாவது போடுங்க."

அவள் பழைய படத்தில் இருந்ததையே போட்டாள். 'மற்றும் ஒரு பெண்மணி.' அதை யாரும் அசிங்கம் என்று சொல்லவில்லை.

பலகைகளை அச்சடித்தது பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் பேனர் கடை. வாங்கப் போனவள் தன் பலகையைப் பார்த்து நின்றுவிட்டாள். அவள் முகம், கீழே கொட்டை எழுத்தில் 'தாவரவியல் துறைத்தலைவர்'. அவ்வளவுதான், முடிந்தது.

"ஏங்க, இதுல அடைப்புக்குறி எங்க?"

"எடுத்துட்டேன் மேடம். இந்த எழுத்துல அது கட்டம் கட்டமா விழுது." கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "பேனர்ல யாருங்க அதெல்லாம் போடறாங்க. கல்யாண பேனர்ல மாப்பிள்ளைன்னு போடறோம். பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள இப்போதைக்குன்னா போடறோம்?"

அடைப்புக்குறி விஷயத்தில் அவள் பொல்லாதவள். செடியின் அறிவியல் பெயருக்குப் பின்னால் ஆட்களின் பெயர் வரும். அந்தச் செடிக்கு முதலில் பெயர் வைத்தவர் அடைப்புக்குறிக்குள் இருப்பார், பிற்பாடு அதை வேறு பேரினத்துக்கு மாற்றியவர் வெளியே நிற்பார். குறியை விட்ட மாணவிக்கு அரை மதிப்பெண் போய்விடும், அழுதாலும் திரும்பி வராது. அப்படிப்பட்டவள் பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். நாளைக்கு மறுநாள் இதுதானே உண்மையாகப் போகிறது என்று நினைத்தாள்.

"இருக்கட்டும்" என்றாள். அந்தச் சொல் நாக்கில் இனித்தது.

விழா அன்று காலை பலகைகள் நடைபாதையில் வரிசையாகத் தொங்கின. முதல்வரும் நிர்வாகச் செயலாளரும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். செயலாளர் அவள் பலகைக்கு முன்னால் நின்றார். திரும்பி முதல்வரைப் பார்த்தார். முதல்வர் அவளைப் பார்த்தார். அறைக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

"சின்னத் திருத்தம் மேடம்" என்று ஆரம்பித்தார். "பொறுப்புங்கறது விட்டுப்போச்சு. செயலாளர் பாத்துட்டார். இன்னைக்கு அறிவிப்பு வேற இருக்கு, அதுக்கும் இதுக்கும் முரணாயிடும்."

"அறிவிப்பு என் விஷயம்தானே சார்?"

முதல்வர் மேசைக் கண்ணாடியைத் துடைத்தார். "உங்க துறை விஷயம். சின்ன சாரைத் தலைவராப் போட்டிருக்காங்க. நிரந்தரமா. உங்களுக்கும் பாரம் குறையும்னு நெனச்சேன்."

சின்ன சார் என்பது அந்தத் துறையில் கடைசியாகச் சேர்ந்தவர். நல்ல மாதிரிதான், நோகாமல் நுங்கு தின்னத் தெரிந்தவர் என்பதைத் தவிர வேறு குறை கிடையாது.

"ஏன் சார்?" என்றாள்.

"நிர்வாக அனுபவம் கேக்கறாங்க. அவர் ரெண்டு வருஷம் ஹாஸ்டல் வார்டனா இருந்திருக்கார். நிரந்தர வார்டன்."

"நான் பதினோரு வருஷமா துறையை நடத்தறேன்."

"நடத்தறீங்க, யார் இல்லேன்னா. ஆனா பொறுப்புல இருந்த காலம் அனுபவக் கணக்குல சேராது. விதி அப்படி. நானா போட்டேன்?"

"அப்ப அந்தப் பதினோரு வருஷம்?"

"அது சேவை மேடம்" என்றார் முதல்வர், மனதாரவே சொன்னார். "அதைத்தானே இன்னைக்குக் கொண்டாடறோம்."

துறைக்கு வந்து இழுப்பறையைத் திறந்தாள். காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பேர்ச்சீட்டு வைப்பதற்கான கத்தரிக்கோல், பசை, தடித்த வெள்ளைத் தாள் எல்லாம் அதில் இருந்தன. ஒட்டிய தடம் தெரியாமல் ஒட்டுவதில் அவளுக்குக் கைப்பழக்கம் உண்டு. சீட்டை வெட்டி, பலகை எழுத்தின் அளவுக்கு '(பொறுப்பு)' என்று எழுதினாள். அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது, அதுவும் முதல்வர் மேல் வந்ததைவிடத் தன் மேல்தான் அதிகம் வந்தது. 'இருக்கட்டும்' என்று எந்த வாயால் சொன்னோம் என்று வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

சின்ன சார் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரலாமா என்று அவர் கேட்டது இதுதான் முதல் தடவை. இனிமேல் கேட்கத் தேவையில்லாத நாளில் கேட்டார்.

"எனக்கும் நேத்து சாயங்காலம்தான் சொன்னாங்க மேடம். வேண்டாம்னு சொல்லிடலாம்னு நெனச்சேன்."

"சொன்னீங்களா?"

அவர் கதவுப் பலகையைப் பார்த்தார். "இல்ல."

அதையாவது ஒளிக்காமல் சொன்னாரே என்று இருந்தது அவளுக்கு. அவர் அதோடு போயிருக்கலாம்.

"அடுத்த பருவ அட்டவணை மட்டும் நீங்களே போட்டுக் குடுத்துடுங்க மேடம். உங்களுக்குத்தான் பழக்கம்."

அவள் பசை மூடியைத் திருகினாள். "அடைப்புக்குறிக்குள்ள யார் பேர் வரும், ஞாபகம் இருக்கா சார்? செடிக்கு."

"முதல்ல பேர் வெச்சவர்."

"ஆமா. செடிக்கு" என்று சொல்லிவிட்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போனாள். தன் முகத்துக்குக் கீழே அதை ஒட்டி, காற்றுக் குமிழி இல்லாமல் விரலால் நீவினாள். கிட்டப் போய் உற்றுப் பார்த்தாலும் ஒட்டியது தெரியவில்லை. நீலப் புடவையின் தலைப்பில் மட்டும் பசை பட்டு வெள்ளையாகிவிட்டது.

மேடையில் முதல்வர் நன்றாகவே பேசினார். "பெண்களை வரலாற்றின் ஓரத்தில் நிற்கவைத்தது போதும், இனி அவர்களுக்கு இருக்கை கொடுப்போம்" என்ற இடத்தில் கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. அந்த வரிக்காக அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தாள். கைதட்டல் ஓய்ந்ததும் அறிவிப்பு வந்தது. சின்ன சார் எழுந்து கும்பிட்டார். 'தலைவராகப் பொறுப்பேற்கிறார்' என்றார்கள். ஆம்பளைக்கு அதே சொல் அடைப்புக்குறி இல்லாமல் எவ்வளவு அழகாக வருகிறது பாருங்கள்.

பிறகு கண்காட்சி முன்னால் படம் எடுக்க நாற்காலி போட்டார்கள். மூன்று நாற்காலி. செயலாளர் உட்கார்ந்தார், முதல்வர் உட்கார்ந்தார், சின்ன சார் ஒரு முறை மறுத்துவிட்டு உட்கார்ந்தார். "மேடம், நீங்களும் வாங்க, உங்க விழா இல்லையா" என்றார்கள். அவள் போய் ஓரத்தில் நின்றாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசி நாற்காலியின் முதுகில் வைத்தாள். வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, ஆனால் படம் எடுத்தாகிவிட்டது.

ஆண்டு மலர் பார்த்துக்கொள்ளும் ஆங்கில சார் பேனாவோடு வந்தார். போன மலரில் யாருடைய பேரிலோ எழுத்துப் பிழை விழுந்து ரகளையாகிவிட்டதால், இந்த வருஷம் பேர் கிடையாது, பதவி மட்டும்தான்.

"இடமிருந்து வலம் எழுதறேன் சார். செயலாளர், முதல்வர், தாவரவியல் துறைத்தலைவர்." பேனா நின்றது. "மேடத்துக்கு என்ன போடறது?"

"பொறுப்புதான் இன்னையோட முடிஞ்சு போச்சே" என்றார் முதல்வர்.

"முன்னாள் துறைத்தலைவர்னு போடலாமா?" என்று கேட்டார் சின்ன சார். அவரால் முடிந்த நல்லது அது.

"முன்னாள்னு போட்டா இருந்தாங்கன்னு ஆயிடும்" என்றார் செயலாளர்.

அவளை வைத்துக்கொண்டே, வீட்டில் ஒரு சாமானை எங்கே போடுவது என்பது போல யோசித்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் பேர் தெரியாதவளின் பலகை தொங்கியது, கீழே கொட்டை எழுத்தில் மூன்று சொற்கள். யாராவது ஒருவர் தலையைத் திருப்பினால் போதும்.

"மற்றும் ஒரு பெண்மணின்னு போடுங்க" என்றாள்.

சொல்லிவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாருக்காவது சுருக்கென்று இருக்கும் என்று எதிர்பார்த்தாள். இருந்தால் சண்டை போடவும் தயாராகத்தான் இருந்தாள்.

"பொதுவா இருக்கு" என்றார் முதல்வர், நிம்மதியாக. "அதையே போட்டுடுங்க."

ஆங்கில சார் எழுதிக்கொண்டு, பின்னால் முற்றுப்புள்ளி வைத்தார்.