மாத்திரை போட்டாச்சா?

என் மனைவி முனைவர் பட்டம் வாங்குவதற்குள் எனக்குத் தலை நரைத்துவிடும் போலிருந்தது. அவள் எடுத்துக்கொண்ட கேள்வி என்னவோ சின்னதுதான். தினமும் போன் செய்து ஞாபகப்படுத்தினால் ரத்த அழுத்தக்காரர்கள் மாத்திரையை ஒழுங்காகப் போடுவார்களா?

"போடுவாங்க. இதுக்கு ஆராய்ச்சி வேறயா?" என்றேன்.

"நீங்க சொன்னா ஆச்சா? நிரூபிக்கணும்."

மருத்துவமனைக்கு வருகிறவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரித்தாள். முதல் குழுவுக்குத் தினமும் போன். இரண்டாவது குழுவிடம் மாத்திரையைப் பற்றி மூச்சு விடக்கூடாது. இரண்டையும் ஒப்பிட்டால் போனின் பலன் தெரிந்துவிடும். ஓர் ஆள் குறையவே என் அம்மாவையும் சேர்த்துக்கொண்டாள். வீட்டு ஆளைச் சேர்க்கலாமா என்று நான் கேட்டதற்கு ஒரு முறைப்புதான் பதில். அம்மாவுக்கு இரண்டாவது குழு விழுந்தது.

"அத்தை, நான் ஞாபகப்படுத்த மாட்டேன். நீங்களும் எங்கிட்ட கேக்கக் கூடாது. கேட்டா கணக்கு கெட்டுடும்."

"சரிம்மா" என்றாள் அம்மா. மருமகள் என்றால் அவளுக்கு உயிர். நான் அவள் பெற்ற பிள்ளையா, வளர்த்த பிள்ளையா என்று எனக்கே சந்தேகம் வரும்.

ஆறு மாதம் கழித்து மிச்ச மாத்திரைகளை எண்ணினாள். இரண்டு குழுவும் ஒன்றுபோலவே ஒழுங்காகப் போட்டிருந்தன. போன் செய்ததில் எந்தப் பயனும் இல்லை! அவள் இடிந்துபோய் உட்கார்ந்தாள்.

அப்போது வீட்டுப் போன் அடித்தது. எடுத்தது அவள். இரண்டாவது குழுவைச் சேர்ந்த ஒரு பெரியவர்.

"உங்க மாமியார் இன்னைக்குக் கூப்பிடலையேம்மா, உடம்புக்கு எதாவதா? தினம் அவங்கதானே மாத்திரை போட்டாச்சான்னு கேப்பாங்க."

போனை வைத்துவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா புடவைத் தலைப்பைத் திருகினாள்.

"ஆஸ்பத்திரியில காத்திருக்கிற இடத்துல எல்லார் நம்பரையும் வாங்கினேன். எல்லாரும் ஒழுங்கா மாத்திரை போட்டா நீ பாஸாயிடுவேன்னு நெனச்சேன்."

"அத்தை, அவங்க மறந்தாத்தான் நான் பாஸ்!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தே விட்டாள். சட்டென்று சிரிப்பு நின்றது. வீட்டு ஆள்தானே, கடைசியில் எண்ணிக்கொள்ளலாம் என்று அம்மாவின் டப்பாவை மட்டும் அவள் இன்னும் பார்க்கவில்லை. ஓடிப்போய்த் திறந்தாள். கொடுத்த அட்டைகள் பாதிக்குமேல் பிரிக்காமலே கிடந்தன.

"ஊருக்கெல்லாம் போன் பண்ணீங்களே. நீங்க?"

"அவங்களக் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள எனக்கு மறந்துடும். உன்னைக் கேக்கலாம்னா, நீதான் கேக்கக் கூடாதுன்னுட்டியே."

என் மனைவியின் கண் நிறைந்துவிட்டது. ஒரு மாத்திரையைப் பிதுக்கி, தண்ணீரோடு நீட்டினாள். அம்மா வாங்கவில்லை.

"வேணாம்மா. இதையாவது சரியா எண்ணிக்கோ. இப்ப போட்டா உன் கணக்கு கெட்டுடும்."