மீன்காரி வீட்டு மீன்தொட்டி

லோடு ஆட்டோவிலிருந்து தொட்டியை இறக்கும்போதே தெருவில் சிரிப்பு தொடங்கிவிட்டது. எதிர்வீட்டு வனிதா துவைத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டது போட்டபடி வாசலுக்கு வந்தாள்.

"என்னக்கா இது, விக்காத மீனப் போட்டு வைக்கவா?"

"இல்ல, வளக்க," என்றாள் அமுதவல்லி.

"வளத்து?"

"வளத்துப் பாத்துக்கிட்டு இருக்க."

தொட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்த அவள் கணவன் நாகராசுவுக்கு முகம் சுருங்கிப்போனது. "ஊரு சிரிக்கத்தான் இத வாங்கியாந்தியா?" என்று முனகியபடியே கொல்லையில் கொண்டுபோய் இறக்கினான்.

அமுதவல்லி அரிமளத்துப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். ஆவுடையார்கோவிலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, நிலத்தை நம்பி வயிறு கழுவ முடியாது என்று ஆன காலத்தில், ஒரு மொபெட்டும் ஐஸ் பெட்டியும் வாங்கி மீன் வியாபாரத்தில் இறங்கினாள். விடியுமுன் மணமேல்குடிக்குப் போய்ச் சரக்கெடுத்து வந்து தெருத்தெருவாக விற்பாள். 'நம்ம சனத்துல மீன் விக்கிறவ இவ ஒருத்திதான்' என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். கல்யாண வீடுகளில் அவளை விட்டு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்கள். அவள் அதற்காக எந்தக் கல்யாணத்துக்கும் போகாமல் இருந்ததில்லை. இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்காருவாள்.

போன வருடம் கடைவாய்ப்பல் வலி தாங்காமல் அறந்தாங்கியில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வியாபாரத்தை முடித்த கையோடு போயிருந்தாள். டோக்கன் கொடுத்த பெண் மூக்கைத் தேய்த்துக்கொண்டு, "கொஞ்சம் வெளிய உக்காருங்க, கூப்பிடுறோம்" என்றாள். வெளியே உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே ஒரு மீன்தொட்டி தெரிந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீன், அவசரமே இல்லாமல் வாலை மடக்கித் திரும்பிக்கொண்டிருந்தது.

அமுதவல்லி பல்வலியை மறந்தாள். எத்தனை வருடமாக மீனைக் கையில் பிடிக்கிறாள்! செதில் உரசியிருக்கிறாள், செவுள் பிரித்திருக்கிறாள். எல்லாம் ஐஸில் விறைத்துக் கிடந்தவை. வற்றிய கண்மாயில் ஊரே இறங்கி மீன் பிடிக்கும்போது சேற்றில் மீன் துள்ளியதைப் பார்த்திருக்கிறாள். துள்ளுவது உயிருக்குப் பயந்து. மீன் நீந்துவதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். உள்ளே கூப்பிட்டபோது எழுந்திருக்க மனம் வரவில்லை.

அதிலிருந்து மனதுக்குள் ஓர் ஆசை ஊறிக்கொண்டே இருந்தது. அறந்தாங்கி சாலையில் பழைய இரும்புக் கடை ஒன்றில், உடைந்த சைக்கிள்களுக்கு நடுவே யாரோ வேண்டாமென்று போட்ட தொட்டியைக் கண்டதும் வண்டியை நிறுத்திவிட்டாள்.

கொல்லையில் இறக்கிய தொட்டி பார்க்கச் சகிக்கவில்லை. கண்ணாடியில் உப்புக்கறை வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. உட்பக்கம் பாசி காய்ந்து தோலாக ஒட்டியிருந்தது. அடியில் கிடந்த கூழாங்கற்களை அள்ளியபோது ஒரு சின்ன மீனின் முள் கையோடு வந்தது. அமுதவல்லி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். பழைய பிளேடால் பாசியைச் சுரண்டினாள். மீன் கூடையையும் ஐஸ் பெட்டியையும் கழுவுகிற அதே சோப்புத்தூளை அள்ளிப் போட்டுத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தாள். பளபளவென்று ஆகிவிட்டது.

மறுநாள் சந்தோஷமாக அறந்தாங்கியில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் ராமுவிடம் போய் நின்றாள்.

"தொட்டிய எதுல கழுவுனீங்க?" என்று கேட்டான் அவன்.

"சோப்புத்தூள்லதான்."

ராமு கையிலிருந்த வலையைக் கீழே வைத்துவிட்டான். "போச்சு. மூலையில பசை ஒட்டியிருக்குல்ல, அது சோப்பக் குடிச்சு வச்சிக்கிரும். எந்த மீன விட்டாலும் செத்துப்போயிரும். பேசாம புதுசா ஒரு தொட்டி வாங்கிட்டுப் போங்கக்கா."

"புதுசு நீங்கதான விக்கிறீங்க?"

அவன் சிரித்துவிட்டான்.

"அந்தப் பசையச் சுரண்டிட்டு வேற பசை வச்சா?"

"வைக்கலாம். ஆனா ஒங்களால ஆகாது. பழகுன ஆளு செய்யணும்."

அவளைத் தைத்தது அந்த 'ஆகாது'தான். "எப்படின்னு மட்டும் சொல்லுங்க. ஆகுதா ஆகலையான்னு நான் பாத்துக்கிறேன்" என்று அங்கேயே நின்றாள். வேறு வழியில்லாமல் சொல்லிக் கொடுத்தான். சொன்னதைப் பாதியில் மறந்துபோய் இரண்டு முறை போன் போட்டுக் கேட்டாள்.

மூலைப் பசையைச் சுரண்டுவது லேசுப்பட்ட வேலையாக இல்லை. விரலில் பிளேடு கிழித்தது. மூலைகளில் மிச்சமிருந்த உப்புக்கறைக்கு வினிகரைத் தடவியபோது அந்தக் காயம் தீயாக எரிந்தது. கையை உதறிவிட்டு மறுபடி தேய்த்தாள். தண்ணீர் ஊற்றி அலசினாள், கொட்டினாள், மறுபடி அலசினாள். கொட்டுகிற தண்ணீர் வேலியோரமாகத் தெருவுக்கு ஓடியது.

"குடிக்கவே தண்ணி வராத ஊருல மீனுக்குக் குளிப்பாட்டு நடக்குது!" என்று வனிதா தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நான் என்ன குழாய்த் தண்ணியா புடிச்சேன்? இது எங்க வீட்டு போர்த் தண்ணி. வாயில வச்சுப் பாரு, உப்புக் கரிக்கும்!" என்று அமுதவல்லியும் அதே சத்தத்தில் சொன்னாள்.

ஹார்டுவேர் கடையில் பசைக்குழாய் வாங்கி வந்து நான்கு மூலையிலும் இழுத்துக் காயவிட்டாள். நன்றாகக் காய்ந்தபின் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டு வியாபாரத்துக்குப் போனாள். திரும்பி வந்தால் கொல்லையெல்லாம் ஈரம். தொட்டியில் பாதிதான் இருந்தது. ஒரு மூலையில் இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

நாகராசு சாப்பிட்டுக்கொண்டே, "எடுத்த எடத்துலயே கொண்டுபோய்ப் போட்டுடு. ஒனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்றான்.

அமுதவல்லிக்கு அழுகை முட்டியது. அவன் எதிரில் அழக் கூடாது என்று கொல்லைக்குப் போய்விட்டாள். ஈரத்தில் சற்று நேரம் நின்றாள். பிறகு பிளேடை எடுத்துக்கொண்டு அந்த மூலையில் உட்கார்ந்து, தான் வைத்த பசையைத் தானே சுரண்டத் தொடங்கினாள்.

இந்த முறை தண்ணீர் நின்றது. ஒருநாள் முழுக்க விட்டுப் பார்த்தாள். அடியில் போட்டிருந்த செய்தித்தாள் காய்ந்தபடியே இருந்தது.

"சரி, இங்கிட்டே கொல்லையில இருக்கட்டும்" என்றான் நாகராசு.

"முன்னால ஜன்னலுக்குப் பக்கத்துல வைக்கப் போறேன்."

"போறவன் வாரவனெல்லாம் பாத்துச் சிரிப்பான்டி."

"சிரிக்கட்டும். கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் தெரியும்ல, நானும் அவங்களப் பாத்துக்கிறேன். ஒரு கை புடிங்க."

பிடித்தான். பிடிக்காமல் இருந்தால் தனியாகவே தூக்கிவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும்.

போர்த் தண்ணீரின் உப்பை மோலி என்கிற வண்ணமீன்தான் தாங்கும் என்று ராமு கறுப்பு மோலிகளைப் பிடித்துக் கொடுத்தான். பாலித்தீன் பையை மொபெட்டில் தொங்கவிட்டால் குலுங்கும் என்று மடியில் கட்டிக்கொண்டு, பள்ளம் கண்ட இடமெல்லாம் நின்று நின்று வந்தாள். தொட்டியில் விட்டதும் அவை ஒரு மூலையில் ஒண்டின. பிறகு ஒன்று மட்டும் துணிந்து வெளியே வந்து, வாலை மடக்கித் திரும்பியது. அமுதவல்லி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் சோறு அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை.

அந்த வாரத்திலேயே ஒரு மீன் செத்து மிதந்தது. எத்தனையோ ஆயிரம் மீனை அறுத்த கை அதை எடுக்கத் தயங்கியது. அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாகராசு சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். மறுநாள் மீன் விற்ற கையோடு நேரே ராமு கடைக்குப் போனாள். "செத்ததுக்கு அழுது தீத்தாச்சு. வேற குடுங்க" என்றாள்.

தெருவில் அவளுக்கு 'தொட்டி மீன்காரி' என்று பெயர் வந்துவிட்டது. கூப்பிட்டால் அவளும் கூசாமல் திரும்பிப் பார்த்தாள்.

ஒரு மாலையில் வனிதா ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். "யக்கா, செத்தது போக எத்தன மிச்சம் இருக்கு?"

"கதவு தொறந்துதான கெடக்கு? உள்ள வந்து எண்ணிப் பாரு" என்றாள் அமுதவல்லி, எழுந்திருக்காமலே.

வனிதா கொஞ்சம் யோசித்தாள். பிறகு வாசலில் செருப்பைக் கழற்றினாள்.