ஜெனிஃபர் குறிக்க வேண்டிய கட்டம்

1

உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு செல்லும் பேருந்தில், முன்னிருக்கையில் கேட்ட ஒரு வாக்கியத்திலிருந்து இக்கதை பிறந்தது: "அந்த வெளிநாட்டுப் பரீச்சைக்கு எங்க கிளாஸ்ல என் பேரு வந்துகீது!" சொன்னவளுக்குப் பதினைந்து வயதிருக்கும். பல நாட்டு மாணவர்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்டு, எந்த நாடு எப்படிக் கற்பிக்கிறது என ஒப்பிடும் தேர்வு அது. எழுதுவோரைப் பள்ளி தேர்ந்தெடுப்பதில்லை. கணினி குலுக்கி எடுக்கிறது. மற்றதெல்லாம் என் புனைவு.

தொடக்கம்: உத்திரமேரூர் ஏரியின்மேல் கதிரவன் தன்
(நிறுத்திவிட்டேன். ஏரிக்கு இக்கதையில் வேலை இல்லை.)

2

அவளுக்கு ஜெனிஃபர் எனப் பெயரிடுகிறேன். பத்தாம் வகுப்பு. வாசிப்பாள், மெதுவாக. பள்ளியின் பெயர் கெடுமோ எனக் கவலைப்பட்ட தலைமையாசிரியர் வேதகிரி, தேர்வுக்கு முந்தைய நாள் அவளை அழைத்தார்.

"நாளைக்கு லீவு போட்டுக்கம்மா. பெரிய பெரிய பத்தியா வரும். பேஜாராயிடுவ."

"சரி சார்."

[முதல் வரைவில் வேதகிரியைக் கொடியவராக்கினேன். வாக்கியங்கள் எளிதாக வந்தன, அதனாலேயே ஐயுற்றேன். சென்ற ஆண்டு அவள் படிப்பை விட்டு நாற்று நடப் போனபோது, வண்டியை வரப்போரம் நிறுத்தி, சேற்றில் இறங்கி அழைத்துவந்தவரும் இவரே. இதை அடைப்புக்குறிக்குள் ஒதுக்கியது என் கட்டமைப்பின் குறை.]

3

மறுநாள் காலை தாய் செவ்வந்தி வேலைக்குக் கிளம்பினாள்.

"இன்னாடி, தல சீவாம குந்திக்கினுகீற?"

"சார் வர வேணாம்னாரும்மா."

"யாரு பேரு வந்துகீது?"

"என் பேருதான்."

"அப்ப நீதான போவணும்? உன் பேரப் போட்டுப் பத்திரிகை அடிச்சா, பக்கத்து வூட்டுக்காரியா மணையில குந்துவா?"

ஜெனிஃபர் சிரித்துவிட்டாள். சீப்பை எடுத்தாள்.

பள்ளி வாயிலில் வேதகிரி அவளைக் கண்டார். அவர் பேசுவதற்கு நான் எழுதிய அழகிய வாக்கியங்களை எல்லாம் அடித்துவிட்டேன்.

"நாஷ்டா பண்ணியா?"

"பண்ணிட்டேன் சார்."

"ஜன்னலோரம் உக்காரு. வெளிச்சமா இருக்கும்."

4

பத்திகள் நீளமாகவே இருந்தன. பாதிக்குமேல் அவளால் இயலவில்லை. (வென்றாள் என எழுத ஆசைதான்.) இறுதித் தாளில் மாணவரைப் பற்றிய வினாக்கள் இருந்தன. அவற்றில் ஒன்று: 'இந்தப் பள்ளி என்னுடையது என உணர்கிறேன்.' எதிரே, முழுமையாக ஒப்புவதிலிருந்து முழுமையாக மறுப்பதுவரை நான்கு கட்டங்கள்.

"சார், இதுக்கு மார்க் கீதா?"

வேதகிரி குனிந்து வாசித்தார்.

"இல்லம்மா" என்றார். பிறகு வகுப்பின் மறுகோடிக்குச் சென்று, வெறும் கரும்பலகையைப் பார்த்தபடி நின்றார்.

முடிவு அ: அவள் முதல் கட்டத்தில்
முடிவு ஆ: நெடுநேரம் யோசித்து, கடைசிக் கட்

இரண்டையும் முடிக்க எனக்குத் தெரியும். ஆனால் அவரே முதுகைத் திருப்பிக்கொண்ட இடத்தில் நான் எட்டிப் பார்ப்பது முறையன்று. வாசகரே, அவளுக்கு அடுத்த இருக்கை உங்களுடையது. பேனா தாளைத் தொட்டுவிட்டது.