அறைக்குள் வந்த மடக்கு மேசை

தபால்காரருக்கு மரவேலை பொழுதுபோக்கு. மூன்றாவது மாடி வீட்டில் பட்டறைக்கு ஏது இடம்? மடக்கு மேசை ஒன்றைப் பால்கனியில் விரித்துக்கொள்வார்; வேலை முடிந்ததும் காலை மடக்கிக் கதவுக்குப் பின்னால் சாத்திவிடுவார். "வீட்ல சண்டைன்னா இதைத் தூக்கிட்டு எங்க வேணா போயிடலாம்" என்று பெருமையடிப்பார். "தூக்கத் தெம்பு வேணுமே" என்பாள் தையல்காரியான மனைவி.

முதுகெலும்பில் கட்டி வந்து அவள் படுக்கையில் விழுந்த மூன்றாம் வாரம், "நீங்க அறுக்குற சத்தம் மட்டும்தான் கேக்குது. இங்க கொண்டாந்து அறுங்களேன்" என்றாள்.

"தூசி ஆகாதும்மா."

"இனிமே தூசி என்னை என்ன பண்ணிடப் போகுது."

மேசை அறைக்குள் வந்தது. அவள் சாய்ந்தபடியே சாப்பிட, படுக்கைமேல் வைக்கும் சிறு பலகை ஒன்றைச் செய்ய ஆரம்பித்தார். மரத்தின் மறுமுனையை அவளிடம் நீட்டி, "கொஞ்சம் பிடி" என்பார். பிடிப்பதற்கு மேசையிலேயே இடுக்கி இருந்தது. அவளுக்கும் அது தெரியும். பிடித்துக்கொள்வாள்.

"கோணலா போகுது. துணின்னா பிரிச்சுத் தைக்கலாம். மரத்தை என்ன பண்ணுவீங்க?"

அறையெல்லாம் மரத்தூளைப் பார்த்து, ஊரிலிருந்து வந்த மகள் சத்தம் போட்டாள்.

"விடுடி. முப்பது வருஷத்துல இப்பத்தான் உங்கப்பா என் பக்கத்துல உக்காந்திருக்காரு."

ஒருநாள் மரம் அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. அவர் அதை எடுத்து இடுக்கியில் வைத்துத் திருகினார். அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரவெல்லாம் அது அவர் நெஞ்சை அறுத்தது. மறுநாள் இடுக்கியைத் தளர்த்தி, அவள் விரல்களின் மேல் தன் இரு கைகளையும் வைத்து மரத்தைப் பிடித்தார். பிறகு எந்தக் கையால் அறுப்பது? அன்று வேலை நடக்கவில்லை. இருவரும் பிடித்தபடியே இருந்தார்கள்.

அந்தப் பலகைக்குக் கீல் வாங்க அவர் கடைக்குப் போயிருந்த அரை மணி நேரத்தில் அவள் போய்விட்டாள்.

அவளுக்காக எடுத்திருந்த வாடகைக் கட்டிலை அவள் தம்பி திருப்பிக் கொண்டுபோனான். மகள் மேசையை மடக்கப் போனபோது, "இருக்கட்டும்மா" என்றார்.

பத்தாம் நாள் வேலைக்குத் திரும்பினார். ஒரு வீட்டில் கடிதம் வாங்கிய பெண், "அக்கா எப்படி இருக்காங்க? பொண்ணுக்குப் பாவாடை தைக்கக் குடுக்கணும்" என்றாள்.

"தேவலாம்மா" என்றார்.

இரண்டு தெரு தாண்டிய பிறகுதான் சொன்னது உறைத்தது. யார் வீட்டுப் படியென்று பார்க்காமல் பையோடு உட்கார்ந்துவிட்டார்.